சத்தம் வைக்காத கார்ட்டூன்

ஐயோ வேணாங்க்கா, போன்ல சத்தம் கூட்ட வேணாம். இவன் இப்படியே பார்ப்பான், பழகிட்டான். மூணு வயசு ஆகப்போகுது. பேரு மார்வின். இன்னும் பேச்சு வரல. அம்மான்னுகூட இல்ல. அதுக்குத்தான் வந்தோம். டாக்டர் என்னைய என்ன கேக்கப் போறாரோ தெரியல.

அமைதியான பிள்ளையா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

இது எங்கப்பா பொறக்கறதுக்கு முன்ன வந்த கார்ட்டூன்க்கா. நான்தான் தேடிப் பிடிச்சுப் போடுவேன். கல்யாணத்துக்கு முன்ன கோலாலம்பூர்ல ஒரு அனிமேஷன் கம்பெனில வேலை பார்த்தேன், அதான் இந்தக் கிறுக்கு. அப்பல்லாம் ஏதுக்கா கம்ப்யூட்டர்? அமெரிக்காவுல அந்த ஸ்டூடியோங்கள்ல பொம்பளைங்க வரிசையா உக்காந்து, கண்ணாடி மாதிரி ஷீட்டுல ஒவ்வொரு படமா கையாலயே சாயம் பூசுவாங்க. ஆரம்பத்துல சத்தமே கிடையாது. தியேட்டர்ல ஒரு ஆளு பியானோ வாசிப்பான், அவ்வளவுதான். அப்பறம்தான் படத்தோட இசைய ஒட்டினாங்க. பூனை ஒரு அடி வச்சா ஒரு டங், வழுக்கினா ஒரு விசில். ஆனா வரையறவன் சத்தத்த மட்டும் நம்பலக்கா. சத்தமே இல்லாட்டியும் சிரிப்பு வரணும், அப்படி வரைஞ்சான். அது எனக்கு வசதியாப் போச்சு.

என்ன வசதியா? எங்க வீட்டுக்காரர் லெஸ்லி, துறைமுகத்துல நைட் ஷிஃப்ட் லோரி ஓட்டறாரு. பகல்லதான் தூக்கம். பண்டமாரான்ல குடியிருக்கோம், ஒரே ரூம் வீடு. இவன் பொறந்ததுலேர்ந்து டிவி மியூட்டுதான். நானும் குசுகுசுன்னுதான் பேசுவேன். கான்வென்ட்ல படிச்சவக்கா நான். சத்தம் போடாதவதான் நல்ல பொண்ணுன்னு சொல்லியே வளத்தாங்க. இவனும் அப்படியே வளர்றான்னு எனக்குப் பெருமைலா.

போன சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் வாசல்ல பட்டாசு கொளுத்தினாரு. தெருவுல உள்ள பிள்ளைங்க எல்லாம் ஓன்னு அழுவுது. இவன் பிஸ்கட் தின்னுக்கிட்டு நிக்கறான். எங்க மாமியாரு, என் பேரன் சிங்கம்லான்னாங்க. நானும் சிரிச்சேன்க்கா. சிரிச்சேன்.

இல்ல, இங்க வந்தது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஊசி போடப் போறோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை அவர் வீட்ல இல்ல. இதே கார்ட்டூனப் போட்டு, மொத மொதலா சத்தம் வச்சேன். இவன் பின்னாடி நின்னுக்கிட்டு கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அப்பறம் முழுசா வச்சுட்டேன். பக்கத்து வீட்டு அங்கிள் ஓடி வந்து வாசல் கேட்டப் பிடிச்சு ஆட்டறாரு, என்னா ஆச்சு என்னா ஆச்சுன்னு. இவன் திரும்பிக்கூடப் பார்க்கல. பூனை வழுக்கி விழறதப் பார்த்து சிரிச்சுக்கிட்டே இருந்தான், எப்பவும் போல.

எங்க நம்பரா? சரிக்கா, வரேன். இல்ல இல்ல, நீங்க அவனக் கூப்பிட வேணாம். தோளத் தொட்டாதான் எந்திரிப்பான்.