தவக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர் இருக்கையில் தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி தன் மதினியிடம் உற்சாகமாகச் சொன்னாள்:

"தவக்காலமுன்னு மாத்திரைய நிறுத்திட்டேன் மதினி!"

"கழுத்துக் கழலைய வெட்டி எடுத்த பெறகு தெனமும் திங்கச் சொன்ன மாத்திரையவா? ஏன்டி?"

"அத ஆட்டுக் கழுத்துச் சுரப்பியில செய்யுறாகளாம். கம்பவுண்டர் சொன்னாரு. தவக்காலத்துல இறைச்சி ஆகாதுல்ல? நாலாம் வாரம் மூஞ்சி வீங்கிருச்சு. பங்குனி வெயில்லயும் குளுருச்சு. செபமாலை சொல்லும்போதே தூங்கிட்டேன்!"

"அடிப்பாவி! பெறகு?"

"பயந்துபோயி பங்குச்சாமியார்ட்ட ஓடுனேன். மாத்திரை தின்னா பாவமான்னு கேட்டேன். இப்பத் திங்கிறேன், மதினி. உசுரு திரும்பிருச்சு!"

"சாமியார் என்னதான் சொன்னாரு?"

"'ஆண்டவர் நாப்பது நாள் நோன்பிருந்தார், மகளே. ஆனா அவருக்குக் கழுத்துல ஆபரேசன் ஆகலையே'ன்னாரு!"