தங்கராசுவின் பாஸ்

வெள்ளைச் சட்டையை இந்த ஊரில் மொட்டை மாடியில் காயப்போடக் கூடாது. காற்று சுரங்கப் பக்கமிருந்து திரும்பினால் காலருக்குள் கரி இறங்கிவிடும். காவல்துறையில் ஓய்வு பெற்று வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டியபோது எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். சிலம்பரசன் வழக்கைக் கேட்டு யாராவது வருவார்கள் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டீர்கள், சொல்கிறேன்.

கனகம் என்ற பெண் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டது பட்டப்பகலில். உறவினர்கள் பிணத்தை வாங்க மறுத்துப் பண்ருட்டி சாலையில் உட்கார்ந்தார்கள். பஸ் போகவில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடந்து போனார்கள். விசாரணை அதிகாரி நான். வரப்புத் தகராறில் அவளோடு சண்டை போட்டிருந்தவன் பக்கத்து நிலத்துச் சிலம்பரசன். கைது செய்தேன். சாலை திறந்தது.

அந்தப் பகல் முழுக்க மைன்ஸில் இருந்ததாக அவன் சொன்னான். அவனுக்கு அங்கே வேலையே கிடையாது. பிறகு தங்கராசு என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஸ்டேஷனுக்கு வந்து கைகட்டி நின்றான்.

"அன்னிக்கு எனக்கு ஜுரம் ஐயா. எம் கேட் பாஸ வாங்கிகினு எனக்குப் பதிலா அவந்தான் உள்ள போனான். ஆள் மாறிப் போறது எங்களுக்குள்ள வழக்கமுங்க."

"இத எழுதுனா உன் வேலை போயிடும்டா."

"போவட்டும் ஐயா. அவன் உசுரு போவக் கூடாதுல்ல."

நல்ல மனிதன். அவன் பிழைப்பைக் காப்பாற்றினேன். சொன்னதை எழுதவில்லை. மறுபடி வந்தபோது ஆள்மாறாட்ட வழக்குப் போடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். அதன்பின் வரவில்லை.

ஆனாலும் நான் வேலையில் குறை வைத்தவன் இல்லை. சுரங்க நுழைவாயில் கேமரா பதிவை வாங்கிப் பார்த்தேன். தூசிக்காக முகத்தைத் துண்டால் மூடிய ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். ஒருவன் துண்டை இறக்கி, வியர்வையைத் துடைத்து, நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறான். சிலம்பரசன். கனகம் அப்போது உயிரோடு இருந்தாள். அவன் வெளியேறுவது அக்கம்பக்கத்தார் அவள் பிணத்தைக் கண்ட பிறகு.

குற்றப்பத்திரிகையோடு குற்றம்சாட்டப்பட்டவனுக்கு நகல் தர வேண்டியவை, நாங்கள் ஆதாரமாகக் காட்டுபவை. இதை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று அரசு வழக்கறிஞர் ராஜாங்கம் கேட்டார். இல்லை என்றேன். அவன் வக்கீல் கேமரா பதிவு கேட்டு மனுப் போட்டபோது, பழைய பதிவுகள் அழிந்துவிட்டதாகப் பதில் கொடுத்தேன். அவனை விட்டால் மறுபடி சாலைக்கு வருவார்கள், இந்த முறை பஸ்ஸைக் கொளுத்துவார்கள். மேல்முறையீட்டில் எப்படியும் வெளியே வந்துவிடுவான் என்றும் நினைத்தேன். ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்கு முன்பே சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான்.

பதிவின் நகல் என் போனில் இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் துண்டை இறக்குகிறான். ஒவ்வொரு முறையும் என்னைத்தான் பார்க்கிறான்.

அவன் மனைவி வெண்மதிக்கு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சாப் போதுங்க ஐயா. யார்கிட்டயும் சொல்ல மாட்டன். அவரு நெசமாவே மைன்ஸ்லதான் இருந்தாரா?"

போன் என் சட்டைப் பையில் இருந்தது.

"இல்லம்மா," என்றேன்.

எழுந்து போனாள். அன்றே சுவரிலிருந்து அவன் படத்தைக் கழற்றிவிட்டாளாம். இப்போது அழுவதில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு நிம்மதி கொடுத்தவன் நான் ஒருவன்தான்.