நான் நீக்கிய நான்கு வரிகள்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் நண்பரின் துணைவியார் அவர்களே, அவர் மகளே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

பதினாறு ஆண்டுகள் நம் மென்பொருள் அனைத்தையும் கட்டித் தந்த பில்ட் பொறியாளர், நாம் ‘வாட்ச்மேன்’ என்று அழைத்த பெருந்தகை, இன்று நம்மிடையே இல்லை. ஏன் அந்தப் பெயர்? கணினிக்கு அவர் எழுதிய கட்டளைத் தொகுப்பு, அந்த ஸ்கிரிப்ட், எதுவும் எடுத்த எடுப்பில் வேலையைத் தொடங்காது. எந்த ஃபோல்டர், எந்தச் சர்வர், எந்தப் பதிப்பு என்று நாம் வெளியிலிருந்து தரவேண்டிய விவரங்கள், அந்த என்விரான்மென்ட் வேரியபிள்கள், வந்துவிட்டனவா என்று வாசலிலேயே விசாரிக்கும். ஒன்று குறைந்தாலும் உள்ளே விடாது. “காலியா விட்டா, அது பாட்டுக்கு எதையாவது செஞ்சு தொலைக்கும் சார்” என்பார். அதற்காக எத்தனை முறை அவர்மேல் எரிந்து விழுந்திருப்பேன்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. புதிய சர்வரில் பில்ட் அந்த வாசல் சோதனையிலேயே திரும்பத் திரும்ப நின்றது. வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“அந்தச் செக்கைத் தூக்குங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் மறுத்து எழுந்து நின்றார். அவர் இருக்கையில், அவர் லாகினில், நானே உட்கார்ந்து அந்தச் செக் இருந்த நான்கு வரிகளை நீக்கினேன். நானே ஓட்டினேன். பழைய ஃபோல்டரைத் துடைக்கவேண்டிய ஸ்கிரிப்டுக்கு அதன் முகவரி வரவில்லை. முகவரி காலியாக இருந்ததால் டிஸ்க் முழுவதையும் துடைத்தது. ஏழு மாதச் சோதனை முடிவுகள் போயின. பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது.

பதிவில் இருந்தது அவர் பெயர். விசாரணையில் அவர் என்ன சொன்னார்? “ஸ்கிரிப்ட் என்னோடது. மத்ததை சார் சொல்வாரு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? குனிந்துகொண்டேன். அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. அதன் பிறகும் தினமும் காலையில் அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார்.

போன வாரம் மருத்துவமனை வராந்தாவில் அவர் துணைவியார் என்னிடம் கேட்டார்: “அண்ணா, அவருதான் அழிச்சாரா? எங்கிட்ட ஒருநாளும் வாயைத் திறக்கலை.”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்று நழுவினேன்.

தங்கச்சி, அவர் இல்லை. நான்தான்.

இயக்குநர் அவர்களே, விசாரணை அறிக்கையைத் திருத்தக் கோரும் கடிதமும் என் ராஜினாமாவும் உங்கள் மேசையில் இருக்கின்றன. தோழர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்கத்தான் கூடியிருக்கிறோம். நீங்கள் எடுங்கள். உங்களோடு எழுந்து நிற்கும் யோக்கியதை எனக்கில்லை.