பன்னிரண்டாவது பெட்டி

— பொட்டியைத்தான் அப்பவே தூக்கிக்கிட்டுப் போயிட்டீங்களே மேடம், இன்னும் இந்த வூட்ல என்ன கெடக்குதுன்னு வந்தீங்க?

— கோவப்படாதீங்க யுவராணி. ஒரே நிமிஷம். ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.

— சுசித்ரா, தருமபுரியில கார் ஏறும்போதும் இதே ஒரே நிமிஷம்தான் சொன்ன. பெங்களூர்ல ஃப்ளைட் பிடிக்கப் போறவங்க யாராவது ஏரியூர் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லுவாங்களா தாயே?

— செல்வா, கொஞ்சம் சும்மா இருங்க. யுவராணி, இவர் என் வீட்டுக்காரர். அவசரக்காரர்.

— நானா அவசரக்காரன்? நாளைக்கு டெல்லியில இந்தம்மாவை மேடையேத்தி விருது குடுக்கறாங்க. இன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்டு. நான் வெறும் டிரைவருங்க.

— விருதா? எதுக்குங்க?

— வானிலைக் கருவி, அளவெடுக்கற முறை, இதுல புதுசா ஆராய்ச்சி பண்ணவங்களுக்குக் குடுக்கறது. உங்க ஊர்ல வெச்ச பொட்டிக்குத்தாங்க. பெரிய மெஷின் எதுவும் இல்லாம, வீட்டுல இருக்கறவங்களையே வெச்சுக் காத்துல எவ்வளவு ஈரம்னு அளக்கலாம்னு இவ காமிச்சா. பன்னெண்டு வீட்ல பன்னெண்டு பொட்டி.

— பதினொண்ணுங்க. என்னுதைத்தான் மேடம் கழிச்சிட்டாங்களே.

— அதைக் கேக்கத்தான் வந்தேன் யுவராணி.

— கேளுங்க. அதுக்கு முன்ன நான் சொல்றதை நீங்க கேளுங்க. எங்கிட்ட இருந்து பொட்டியைக் கழட்டி, நேரா எதுத்த வூட்டு மாது அண்ணன்கிட்டக் குடுத்தீங்க. அன்னையிலருந்து இந்தத் தெருவுல எம் பேரு என்னன்னு தெரியுமா? டிகிரி யுவராணி. ரேஷன் கடையில வரிசையில நிக்கறேன், 'ஏம்மா டிகிரி, இன்னைக்கு வெயிலு நூத்துப் பத்தா, எரநூத்துப் பத்தா?'ங்கறாங்க. எம் பொண்ணை ஸ்கூல்ல கூடப் படிக்கறதுங்க கேக்குதுங்க, உங்கம்மா வாய்க்கு வந்ததை அனுப்புவாங்களாமேன்னு. அது அழுதுக்கிட்டு வருது.

— நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே.

— சொல்லலீங்க. பொட்டியைத் தூக்கினீங்க. அதுக்கு மேல சொல்றதுக்கு என்ன இருக்குது?

— சுசி, என் போன் சாகப் போவுது. டிக்கெட்டு, மேப்பு எல்லாம் இதுலதான். இங்க கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கலாமாங்க?

— காலையிலருந்து கரண்ட் இல்லீங்கண்ணா. எதுத்தாப்ல மாது வூட்ல போட்டுக்குங்க, அங்க இன்வெர்ட்டர் ஓடும். மேடம், நீங்க இந்த விசிறியைப் பிடிங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

— நான் போட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள பேசி முடி சுசி. இங்கருந்து ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம். ஞாபகம் இருக்கட்டும்.

— இருக்கு, இருக்கு. போங்க.

— உக்காருங்களேன் மேடம். ஏன் நின்னுக்கிட்டே கெடக்கறீங்க?

— உக்கார முடியலை யுவராணி. நேத்து டெல்லியிலருந்து மெயில் வந்துச்சு. விருதுக் கமிட்டியில ஒருத்தர் கேக்கறார், பன்னெண்டு வீட்ல ஆரம்பிச்சீங்களே, ஒரு வீட்டை ஏன் விட்டுட்டீங்கன்னு. நாளைக்கு மேடையில அவருக்குப் பதில் சொல்லணும்.

— யுவராணிக்குப் பார்க்கத் தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க. டெல்லிக்காரரு என்ன, எங்க ரேஷன் கடைக்கா வரப் போறாரு?

— அப்படிச் சொல்லிடலாம்னுதான் உக்காந்தேன். எழுத எழுத இடிக்குது. சரி, பொட்டிக்குள்ள என்ன இருக்கும், சொல்லுங்க.

— பரீட்சையா? ரெண்டு தெர்மாமீட்டர். ஒண்ணு சும்மா நிக்கும். இன்னொண்ணு கால்ல ஈரத் திரியைச் சுத்திக்கிட்டு நிக்கும். திரியோட வாலு தண்ணிக் கிண்ணத்துல கெடக்கும். ஈரம் காயக் காய அந்தக் குச்சி குளுந்து எறங்கும். ரெண்டுக்கும் நடுவால வித்தியாசம் ஜாஸ்தின்னா காத்து காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம். கம்மின்னா காத்துல ஈரம் இருக்குது. பாஸா, பெயிலா?

— பாஸ். உங்க வீட்ல எப்பவும் வித்தியாசம் ஜாஸ்தி. மத்த பதினொரு வீட்லயும் கம்மி. மேட்டூர் டேம் தண்ணி பக்கத்துல இருக்கு, அதனால இந்தப் பக்கம் காத்துல ஈரம் அதிகம்னு எழுதிட்டேன். உங்க பொட்டியிலதான் கோளாறுன்னு நெனச்சு, அதையே மாது வீட்ல, அவரோட பொட்டிக்குப் பதிலா வெச்சுப் பார்த்தேன். கொஞ்ச நாள்லயே அவரோட அளவு மத்தவங்க அளவோட ஒத்துப்போச்சு.

— அப்ப பொட்டி நல்லா இருக்குது. கோளாறு எம்மேல.

— அப்படித்தான் நெனச்சேன். ஆனா, ஒருத்தர் சோம்பேறித்தனமா கிண்ணத்துல தண்ணியே ஊத்தலைன்னு வெச்சுக்குங்க. திரி காஞ்சுடும். ரெண்டு தெர்மாமீட்டரும் ஒண்ணையே காட்டும். அப்ப காத்துல ஈரம் ஜாஸ்தின்னுதான் வரும். கவனமில்லாதவங்க தப்பு எல்லாமே அந்தப் பக்கம்தான் போகும். உங்களுது எதிர்ப் பக்கம் போவுது. நேத்திக்குத்தான் இது எனக்கு உறைச்சுது. கண்ணை மூட முடியலை. நீங்க என்னதான் பண்ணீங்க யுவராணி?

— நான் என்னத்தைப் பண்ணுனேன்? காலையில சாணி அள்ளிப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டுப் பார்த்து, போன்ல உங்களுக்கு அனுப்புனேன்.

— பொட்டியை அடுப்புப் பக்கம் வெச்சீங்களா?

— நீங்க நட்ட கம்பத்துலதான் கெடந்துச்சு. கம்பத்தைப் பிடுங்கிக்கிட்டா நான் அடுப்படிக்குப் போவேன்?

— பக்கத்துல துணி காயப் போட்டீங்களா?

— எம் புருசன் ஒருக்கா அதும்மேல லுங்கியைப் போட்டுட்டாரு. நான் கத்துன கத்துல அவரு இன்னும் அந்தப் பக்கம் போறதில்லை. அந்தப் பொட்டியை நான் எம்மாம் நம்புனேன்னு உங்களுக்குத் தெரியாது மேடம். நீங்க போனுக்கு மெசேஜ் போடுவீங்களே, காத்துல ஈரம் ஜாஸ்தி, தக்காளி இலை கருகும், மருந்து அடிங்கன்னு?

— ஆமா. உங்களுதைச் சேர்க்காம, மத்த பதினொரு வீட்டு அளவையும் வெச்சுத்தான் போடுவோம்.

— தெருவே அடிச்சுது. நான் மட்டும் அடிக்கக் கூடாதுன்னுட்டேன். எம் பொட்டி காஞ்ச காத்துங்குது, எதுக்கு மருந்துன்னு எம் புருசன்கிட்ட மல்லுக்கு நின்னேன். ரெண்டு நாளு அந்த ஆளு எங்கையால சோறு திங்கலை.

— அப்புறம்? தக்காளி கருகிடுச்சா?

— எங்க கருகுச்சு? நல்லாத்தான் காய்ச்சுது. அடிச்சவங்கதான் தும்மிக்கிட்டுக் கெடந்தாங்க.

— ஐயோ.

— ஏன் மேடம் மொகம் இப்படிப் போவுது?

— அடுத்த மாசத்துலருந்து இதே முறையில நாலு மாவட்டத்துக்கு மெசேஜ் போகப் போவுது யுவராணி. விருது அறிவிச்சதும் உத்தரவாயிடுச்சு. உங்க அளவு சரின்னா… இல்லை, பதினொரு பேரும் ஒண்ணு சேர்ந்து எப்படித் தப்பாவாங்க?

— சுசி, கெளம்பு, கெளம்பு. அங்க ஃபேன் காத்துல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வரலை. ஆங், மாது கேக்கச் சொன்னாரு, அடுத்த கேன் எப்ப வரும்னு. தீந்துபோச்சாம்.

— தீந்துபோச்சா? போன மாசம்தானே பெரிய கேனா குடுத்தேன். கிண்ணத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்பூன் ஊத்துனா போதுமே. குடிச்சுட்டாரா?

— அவரு குடிக்கலீங்க மேடம். பேட்டரி குடிச்சிருக்கும்.

— எந்த பேட்டரி?

— இன்வெர்ட்டர் பேட்டரிதான். நீங்க குடுத்த கேன் மேல என்ன எழுதியிருக்குது?

— பேட்டரி வாட்டர்னு. கடையில உப்பே இல்லாத தண்ணி கேட்டா அதைத்தான் குடுப்பாங்க. அதுதான் திரிக்கு நல்லதுன்னு வாங்கினேன்.

— பேட்டரித் தண்ணியைக் கையில குடுத்தா பேட்டரிக்குத்தானே ஊத்துவாங்க? கரண்டு இந்த லட்சணத்துல வருது. கடைக்குப் போய்க் காசு குடுத்து வாங்கறதை நீங்க வூடு தேடிக் கொண்டாந்து குடுக்கறீங்க.

— அப்ப திரிக்கு?

— போர் தண்ணி. நாலு சொட்டுத்தானே, எந்தத் தண்ணியா இருந்தா என்னன்னு விட்டுட்டாங்க.

— இந்த ஊர் போர் தண்ணியா? குடத்துல வெள்ளை வெள்ளையாப் படியுமே, அதுவா? செல்வா, மாது வீட்டுப் பொட்டியைப் பார்த்தீங்களா? திரி எப்படி இருந்துச்சு?

— கதவு தொறந்துதான் கெடந்துச்சு. ஒண்ணு சும்மா இருந்துச்சு, ஒண்ணு சுண்ணாம்பு பூசுன மாதிரி இருந்துச்சு. அது துணியா? தட்டுனா டொக்குன்னு சத்தம் வரும் போல.

— உப்பு அடைச்சுக்கிச்சு. திரி ஈரத்தை விடவே இல்லை. ஈரம் காயலைன்னா தெர்மாமீட்டர் எப்படிக் குளுந்து எறங்கும்? வித்தியாசம் கம்மியாத்தான் வரும். நான் டேம் காத்து, டேம் காத்துன்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கேன். ஆனா நான் வந்து பார்க்கறப்ப எல்லாம் திரி வெள்ளைவெளேர்னு மெத்துன்னு இருந்துச்சே?

— மொத நாளே போன் பண்ணிட்டுத்தானே வருவீங்க? விருந்தாளி வர்றாங்கன்னா கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க? புதுத் திரி மாத்தி வெச்சிருப்பாங்க.

— எல்லா வீட்லயுமா?

— நம்ம வாட்ஸ்அப் குரூப்பைப் பாருங்க. கேன் வேணும், கேன் வேணும்னு வாரா வாரம் அடிச்சுக்கறாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?

— ஆர்வம்னு நெனச்சேன் யுவராணி. மக்கள் அவ்வளவு ஆர்வமா இருக்காங்கன்னு கட்டுரையில ஒரு பத்தியே எழுதியிருக்கேன். கமிட்டி அந்தப் பத்தியைத்தான் ரொம்பப் பாராட்டுச்சு.

— சிரிக்கக் கூடாது. ஆனா சிரிப்பு வருது சுசி.

— சிரிங்க செல்வா. பதினொண்ணும் ஒத்துப்போச்சு, ஒத்துப்போச்சுன்னு நான் அன்னைக்குக் குதிச்சேனே. ஒரே உப்புல ஒத்துப்போயிருக்கு. யுவராணி, இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?

— எப்படிங்க சொல்றது? பதினொரு வூட்டையும் காட்டிக் குடுத்துட்டு நான் எந்தத் தெருவுல குடியிருக்கறது? அதுவுமில்லாம, நாலு சொட்டுத் தண்ணியில எம் மானம் போகும்னு நான் என்ன கனவா கண்டேன்?

— சுசி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாளைக்கு வாங்கிட்டு வந்துடு. அப்புறமா மெல்ல உக்காந்து சரி பண்ணிக்கலாம். இன்வெர்ட்டர் விஷயம் டெல்லியில யாருக்குத் தெரியப் போவுது?

— எனக்குத் தெரிஞ்சு போச்சே. நாலு மாவட்டம், செல்வா. தேவையே இல்லாம ஊர் ஊரா மருந்தடிப்பாங்க. நாளைக்கு என் கழுத்துல மாலை விழும்போது இங்க ஒருத்தர் தும்மிக்கிட்டு இருப்பாரு.

— அஞ்சு வருஷ உழைப்பு சுசி. நீ எப்படிக் கஷ்டப்பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். மேடையில நின்னுக்கிட்டு, தப்புங்க, எடுத்துக்குங்கன்னு சொல்லுவியா?

— அழுகைதான் வருது. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? முறை தப்பில்லை செல்வா. நான் ஒரு நாள்கூட சொல்லாம வந்து பார்க்கலை, அதுதான் தப்பு. விருதைக் குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். அந்த ஆள் கேட்ட கேள்விக்குப் பதில் கெடைச்சாச்சு, அதைச் சொல்லாம என்னால வாயைத் தொறக்க முடியாது.

— சரி. சொல்லணும்னாலும் நேரத்துக்குப் போய்த்தான் சொல்லணும். ஏறு.

— ஒரே நிமிஷம்.

— தாயே!

— யுவராணி, கையைக் குடுங்க. நான் உங்களுக்குப் பண்ணது பெரிய பாவம். முதல்ல மாது வீட்டு வாசல்ல நின்னு, உங்க அளவுதான் சரின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போறேன்.

— நெசமாவா மேடம்? எம் பொண்ணு இன்னும் சித்த நேரத்துல வந்துடும். அது காதுல விழற மாதிரி சொல்லுங்க.

— சொல்றேன். நாளைக்கு மேடையிலயும் உங்க பேரைச் சொல்லுவேன். பன்னெண்டு பேர்ல ஒருத்தர்தான் நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாம, கட்டுப்பாட்டோட செஞ்சாங்க, ஊரே வேற மாதிரி செஞ்சப்பவும் நேர்மையா நின்னாங்க, அவங்க பேரு ஏரியூர் யுவராணின்னு.

— வேணாம் மேடம், அப்படி மட்டும் சொல்லிடாதீங்க. பொய்க்காரின்னு ஒருக்கா பேரு வாங்குனதே போதும். எங்க வூட்ல இன்வெர்ட்டர் இல்லீங்க. இருந்திருந்தா நானும் அதுக்குத்தான் ஊத்தியிருப்பேன்.