நாலு சக்கரத்துக்கு நாலு தராசு

கூடப் பிறந்தவளின் பாசத்துக்கு விலையே இல்லை என்பார்கள். உண்டு ஐயா. அரைப் பட்டறை. மாப்பிள்ளைதான் பேசிப் படிய வைத்தார்.

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு துண்டு அட்டை கொடுத்தால் மடித்து வைத்துவிடுவேன். ஆடுகிற எதிலும் எனக்கு உட்கார வராது, தொழில் அப்படி. ஸ்போர்ட்ஸ் கார்களின் ஸ்பிரிங்கை முடுக்கி, வளைவில் தடுமாறாமல் நிற்கவைப்பதுதான் என் பிழைப்பு.

அப்பா பட்டறையை எனக்கும் தங்கைக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். தங்கை புருஷன் அவள் பாதியைக் கிடங்கு வைப்பவன் ஒருவனுக்குப் பேசி முடித்துவிட்டார். நடுவில் சுவர் எழும்பினால் ஒரு காரைத் திருப்பக்கூட எனக்கு இடம் மிஞ்சாது. தங்கையிடம் சொன்னேன்.

"எத்தனை நாளைக்குத்தாண்ணே கிரீஸைப் பூசிக்கிட்டு நிப்பே? நீயும் வித்துட்டு நிம்மதியா இரேன்."

நிம்மதி. அன்றிலிருந்து பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஸ்பானரை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன்.

கையெழுத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை தன் காரோடு வந்தார். "மச்சான், வளைவுல மூக்கைத் திருப்பவே மாட்டேங்குது. இதுக்கு உங்க தங்கச்சியே தேவலை."

"விட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை. சொன்ன பேச்சு கேக்க வைக்கிறேன்."

வைத்தேன். பின்பக்க ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கினேன். அப்படிச் செய்தால் வண்டி சொடக்குப் போடும் நேரத்தில் திரும்பும். ஒரே நிபந்தனை, வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வால் சுழன்று முன்னே வந்துவிடும். மாப்பிள்ளை வாய்ச்சொல்லில்தான் வீரர். பாதி வளைவில் பயந்து காலை எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் எச்சரிக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் கையெழுத்துக்குப் போகிற வழியில், மலைச்சாலையில் அதுதான் நடந்தது. பள்ளத்திலிருந்து தூக்கி உங்கள் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்களே, ஒரு நட்டாவது தளர்ந்திருந்ததா? வேலை சுத்தம்.

ஆனால் தங்கை ஏறுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. வேகம் அவளுக்கு ஆகாது, பஸ்ஸில்தான் போவாள் என்று நம்பினேன். கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்தான், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையில்லாத அந்த இருவரும் ஒன்றாகப் போனால் அவள் பாதி எனக்கே திரும்பும் என்பதெல்லாம் பிறகு தோன்றியது.

பட்டறையில் கிடந்த மணல் மூட்டைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அது எங்கள் வழக்கம். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தராசு வைப்போம். யார் ஏறப்போகிறார்களோ அவர்கள் எடைக்கு மணலை இருக்கையில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கைத் தொடுவோம். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

ஓட்டுபவர் இருக்கையில் எண்பத்தொரு கிலோ. பக்கத்து இருக்கையில் ஐம்பத்துநாலு. சின்ன வயதில் உப்புமூட்டை தூக்கி வளர்த்தவன், அவள் எடை எனக்குத் தெரியாதா? நாலு தராசின் எடையையும் மூலைக்கு மூலை குறுக்காகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ பிசகவில்லை. கணக்கு நேர்.