நீளக்காது டப்பா

— போன்ல சரியா கேக்கலை ரிவால். நடுக்கடல்ல தனியா என்ன சிரிப்பு?

— சும்மாதான். இருபத்துமூணு நாளா மனுஷ முகமே பாக்கலையா, கண்ணாடியில எனக்கு நானே வணக்கம் வச்சுட்டிருக்கேன்.

— முத்திப்போச்சு.

— கேளேன் எனோரா. காலையில ஒரு திமிங்கிலம் பக்கத்துல வந்து மூச்சு விட்டுச்சு. அழுகுன மீன் நாத்தம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

— நாத்தத்துலயா?

— சந்தோஷத்துல. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் இல்ல. இவ்வளவு கடலையும் எனக்குன்னே விரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. படகுப் பாய்ல காத்து நிறையறப்ப நெஞ்சும் நிறையுது. கத்திப் பாடறேன், நிறுத்துன்னு சொல்ல யாருமில்ல.

— அப்ப நான் எதுக்கு?

— இதையெல்லாம் யார்கிட்ட வந்து சொல்றதாம்?

— சும்மா இரு. நாளன்னைக்கு வந்துடுவேல்ல? உங்கண்ணன் கோல்வென் இப்பவே ஆப்பிள் கள்ளு பன்னிரண்டு பாட்டில் வாங்கி அடுக்கிட்டாரு.

— தோசைக்கு உப்பு வெண்ணெய் வாங்கி வை.

— உப்பு வெண்ணெயிலயே வளர்ந்த கான்கார்னோ ஊர்க்காரிக்கு வெண்ணெய்ப் பாடமா?

— பசி பேச வைக்குது. இரு, மூட்டை அடியில இன்னும் ஒரு டப்பா இருக்கு. அடக் கடவுளே. எனோரா.

— என்ன?

— நீளக்காது.

— கண்டுபிடிச்சிட்டியா. நீ சிரிப்பியேன்னுதான் கடைசியா சொருகி வச்சேன்.

— முழு அட்லாண்டிக்கும் இவன்கூடவா வந்திருக்கேன்? படகுல பேரைக்கூடச் சொல்லக் கூடாத மிருகம். அந்தக் காலத்துல கயித்தைக் கடிச்சே கப்பலைக் கவுத்தவன். அவனைக் கறியாக்கி டப்பாவுல அனுப்பியிருக்கா என் பொண்டாட்டி.

— முயல் கறிதானே, நான் கரையில இருக்கேன், பேரைச் சொல்லலாம். உன் கயிறெல்லாம் நைலான். தின்னுட்டுப் பேசாம படு.

— செத்த எங்கப்பா எழுந்து வந்து அறைவாரு. இப்பவே கடல்ல வீசிட்டு வரேன்.

— இடுப்புக் கயித்தை மாட்டிட்டுப் போ.

— ரெண்டே எட்டு. போனை வைக்காத. அவன் தண்ணியில விழற சத்தத்தைக் கேளு.

— கயித்தை மாட்டுன்னு சொன்னேன். ரிவால்?

— ...

— ஹா. கேட்டுச்சு, கேட்டுச்சு. தொப்புன்னு விழுந்தான். நல்ல குண்டு நீளக்காதுதான் போல. சரி, உள்ள வா.

— ...

— ரிவால். விளையாடாத.

*

— எனோரா, கோல்வென் பேசறேன். மீன்பிடிக்காரங்க படகை இழுத்துட்டு வந்து துறையில கட்டிட்டாங்க. இப்ப அதுலதான் நிக்கிறேன்.

— இடுப்புக் கயிறு?

— கொக்கியில தொங்குது.

— ஒன்பது நாளா அந்தச் சத்தந்தான் காதுல இருக்கு. டப்பா விழுந்துச்சுன்னு சிரிச்சேன் கோல்வென். அவனுக்குக் கேக்கற மாதிரி சிரிச்சேன்.

— டப்பாவா? இரும்மா, குனிஞ்சு பாக்கறேன்.

— என்ன அங்க?

— இங்க சுக்கான் மூலையில ஒரு டப்பா கிடக்கும்மா. கம்பியில பட்டுத் திரும்பி விழுந்திருக்கும்போல. நசுங்கியிருக்கு. மூடி திறக்கலை.

— மேல என்ன எழுதியிருக்கு?

— படகுல நிக்கிறேன்மா. அந்தப் பேரை எப்படிச் சொல்லுவேன்.