ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே ஓடிய பாட்டு

பெயர், விலாசம் முகப்புத் தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தாறு. தொழில் லிஃப்ட் மெக்கானிக். எல்லோரும் என்னை ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள். ஆய்வாளர் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொல்வதாவது:

நான் பராமரிக்கும் குடியிருப்பின் லிஃப்டில் மாடி எண் சொல்லும் சிறு ஒலிபெருக்கி உண்டு. சும்மா கிடக்கிறதே என்று, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் அனுமதியோடு அதில் பாட்டு வைத்தேன். எல்லாம் ஏஐ போட்ட பாட்டுகள். நூறு கேட்டால் தொண்ணூற்றேழு குப்பை, மூன்று தேறும். அந்த மூன்றையும் கேட்க நாதியில்லை என்பதுதான் என் ஆத்திரம். அதில் ஒன்று, பேருந்தில் மறந்துபோன குடை, விட்டுப்போனவள் நனைவாளே என்று கவலைப்படும் பாட்டு. அதைக் கேட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர் என்று கைபேசி காட்டியது. ஒன்பதும் நானே.

கதவு மூடினால் பாட்டு முதலிலிருந்து தொடங்கும்படி வைத்தேன். அது என் பிழை. பாட்டு இரண்டரை நிமிடம், ஏழாம் மாடிக்கு ஐம்பது வினாடி. குடை அவளிடம் சேர்ந்ததா இல்லையா என்பது கடைசிச் சரணத்தில்தான் தெரியும்.

அதன் பிறகு, சென்ற திங்கள் காலை செயலாளரின் மனைவியோடு லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றது. இரண்டு நிமிடத்தில் தானாக நகர்ந்து ஏழாம் மாடிக்கு வந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த என்னைப் பார்த்துச் செயலாளர் லிஃப்ட் வாசலிலேயே குதித்தார். "உன் பாட்டு ஒயர்தான்யா இழுத்துருச்சு! உன் லைசென்ஸைப் பிடுங்காம விடமாட்டேன்!" நான் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து பதிவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியே நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மா கணவருக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். நின்ற இரண்டு நிமிடம் பாட்டு முடியத் தேவையான நேரம் என்று எனக்குப் புரிந்தது, பலகையை மூடிவிட்டேன்.

அதன் பிறகு செயலாளர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். இருபத்திரண்டு வருட லைசென்ஸ், ஒரு கரும்புள்ளி கிடையாது. என் மனைவி, "ஊருக்கு நல்லவனா இருந்து நம்ம சோத்துல மண்ணைப் போடுறியா?" என்று கத்தினாள். ஆனாலும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆளை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

இன்று காலை பத்தரை மணிக்கு நிலையத்துக்கு வந்தேன். செயலாளர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்ற காரணம் தெரியும், சொல்வதற்கில்லை என்றேன். ஆய்வாளர் கோபப்பட்டார். அந்நேரம் அம்மா உள்ளே வந்தார்.

"நான்தான் சார் அழுத்துனேன். தினமும் கடைசிச் சரணத்துக்கு முன்னாடி எங்க மாடி வந்துடுது. எத்தனை நாள்தான் பாதியில இறங்குறது?"

செயலாளர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி, வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, மிஷின் பாட்டுல என்ன இருக்குன்னு சிரிச்சிருப்பீங்க."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்றார் ஆய்வாளர். நான் கைபேசியை மேஜைமேல் வைத்துப் போட்டேன். முதல் சரணத்தில் எழுத்தர் பேனாவை நிறுத்தினார். இரண்டாவதில் தொலைபேசி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசிச் சரணத்துக்கு முந்தைய இசையில் செயலாளர் மனைவியின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "குடை போய்ச் சேருமாடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேசாம கேளுங்க" என்றார் அம்மா.

பாட்டு முடிந்ததும் செயலாளர் புகாரைத் திரும்பப் பெற்றார். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும்படி லிஃப்டில் இன்றே மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்கிறேன். எழுத்தர் இதைப் படித்துக்காட்டினார், இரண்டாம் முறையாக ஓடிய பாட்டுக்கு நடுவே கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் மெய்.

(ஒப்பம்)
ஸ்பேனர்